கத்தினால் கேட்குமா?

வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்றால் முதலில் ஒளித்து வைக்க வேண்டியது வயதைத்தான் என்று புரோக்கர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"கிழடுங்க இருக்குற வீடுன்னு தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்கம்மா. அவசரத்துல விக்கிறாங்கன்னு மோப்பம் பிடிச்சிருவாங்க. மாத்திரை டப்பா, நடக்குற வாக்கர், பாத்ரூம் கம்பி, ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. அந்த வாடையும் வரக் கூடாது."

"எந்த வாடை?" என்றார் ஜாக்கி.

புரோக்கர் ஒரு வாசனை ஸ்பிரேயை எடுத்து மேசைமேல் வைத்தான்.

ஜாக்கி என்பது அவருடைய பெயரல்ல. சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிய காலத்தில் கூட்டாளிகள் வைத்தது. அடியில் கையைக் கொடுத்தால் எதையும் கிளப்பிவிடுவார் என்று பேர். இப்போது நாற்காலியிலிருந்து தன்னைக் கிளப்பவே இரண்டு கையும் ஒரு முனகலும் வேண்டியிருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தவள். ஈரத்திலேயே நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. தெருவில் எல்லோருக்கும் அவள் கிழவிதான். நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அப்பா போன தடவை குளியலறையில் விழுந்ததைக் கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் போனிலேயே பாகம் பிரித்துவிட்டார்கள். அப்பா மகனிடம், அம்மா மகளிடம். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ள யார் வீட்டிலும் இடம் இல்லை. கிழவி ஒரு முதியோர் இல்லத்தைத் தேடிப் பிடித்தாள். அங்கே புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கிற மாதிரி ஒரே ஒரு அறைதான் காலியாக இருந்தது. வீடு விற்றால்தான் அதற்கு முன்பணம் கட்ட முடியும். விற்காவிட்டால் ஆளுக்கொரு திசை.

"இந்த மனுஷன்கூட மல்லுக்கட்டிப் பழகிட்டேன்" என்று இல்லத்து மேனேஜரிடம் சொன்னாள். "இனிமே புதுசா மருமகன்கூடவா மல்லுக்கட்டுவேன்? தெம்பு இல்ல."

வீடு காட்டும்போது வீட்டுக்காரர் இருக்கக் கூடாது என்பது புரோக்கரின் அடுத்த சட்டம். அதனால் ஆள் வரும்போதெல்லாம் இருவரும் எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, சொந்த வீட்டைத் திருடன் நோட்டம் விடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். பின்னறையைப் பார்த்ததும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்து காரில் ஏறுவதைப் பெஞ்சிலிருந்தே பார்க்கலாம்.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரப் பட்டறை இருந்தது. விடிந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் டமார் டமார் என்று அடி. கிழவிக்கு அப்போது லாண்டரியில் இரவு வேலை. பகலில் தூங்க முடியாமல், ஒருநாள் வேலையில் கண் அசந்து துணி பிழிகிற மிஷினில் கையைக் கொடுக்க இருந்தாள். அதற்கப்புறம்தான் ஜாக்கி அந்த அறையைச் சுற்றி இன்னொரு சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் மணலைக் கொட்டினார். கூரைக்கும் இரட்டைப் பலகை. கதவுக்குப் பழைய ரப்பர் பாய். கொத்து வேலை தெரியாதவர் கட்டிய கோணல்மாணல் சுவர். பட்டறை என்றைக்கோ மூடிவிட்டது. அறை மட்டும் பாதாளக் கிடங்கு மாதிரி நின்றுவிட்டது.

"இதை ஸ்டோர் ரூம்னு சொல்லுவோம்" என்றான் புரோக்கர்.

அந்தப் பெண் முதல்முறை வந்த அன்றைக்கு ஜாக்கிக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போனார். புரோக்கர் வாசலில் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். உள்ளே கூடம் காலி. அடுப்படி காலி. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். புழுங்கிச் சாகிற வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை.

"நீங்க?" என்றாள் அவள்.

"நானும் வீடு பாக்கத்தான் வந்தேன்" என்றார் ஜாக்கி. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

"அப்படியா. இந்தக் கதவை உள்ள இருந்து ஒருத்தர் தாழ் போட்டுக்கிட்டா, வெளியில இருந்து திறக்க வழி இருக்கான்னு தெரியுமா?"

ஜாக்கிக்கு வந்த ஒன்றுக்கு நின்றுவிட்டது.

சாயங்காலம் டீ ஆறிக்கொண்டிருக்க இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வீடு வாங்குறவ கூரை ஒழுகுதான்னு கேப்பா, தண்ணி வருதான்னு கேப்பா. தாழ்ப்பாளை எப்படித் திறக்குறதுன்னு எவளாவது கேப்பாளா?" என்றார் ஜாக்கி.

"முழுக்கைச் சட்டைன்னு சொன்னியே, கையில ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"வலது கையில மட்டும் கொஞ்சம் விலகுச்சு. கீறல். நெகத்தால பிறாண்டின மாதிரி நீள நீளமா."

கிழவி டம்ளரைக் கீழே வைத்தாள். "யாரையோ அமுக்கிப் பிடிச்சப்ப அவங்க பிறாண்டியிருக்காங்க."

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

"நீ நெனைக்கல. நான் சொன்னதும் நெனைக்கிற."

"சரிடி, நீயே பெரிய துப்பறியும் புலி. இப்ப என்ன செய்யணும்?"

வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளை நோட்டம் பார்த்து வைத்து, பிறகு ஆள் அனுப்புகிற கும்பல்கள் பற்றி இருவரும் நிறையக் கேள்விப்பட்டிருந்தார்கள். கேள்விப்படாததையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் புரோக்கரும் அதில் கூட்டு என்ற முடிவுக்கு வந்தார் ஜாக்கி. வாசனை ஸ்பிரேயை மோந்து பார்த்து, இதில் மயக்க மருந்து கலந்திருந்தாலும் கலந்திருக்கும் என்றார்.

"மயக்க மருந்துன்னா நீ இப்ப விழுந்திருக்கணுமே" என்றாள் கிழவி.

"எனக்கு உடம்பு ஸ்டெடி."

அந்த வாரமே முழுக்கை மறுபடி வந்தாள். அதற்குள் அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. இந்தத் தடவை ஜாக்கி பெஞ்சுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். புரோக்கர் எவ்வளவோ கண்ணைக் காட்டினான். அவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டார். கிழவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? அன்னிக்கு வீடு பாக்க வந்தேன்னு சொன்னீங்க" என்றாள் முழுக்கை.

"தினமும் பாக்கத்தான் செய்றேன். என் வீடு."

அவள் சிரிக்கவில்லை. நேராகப் பின்னறைக்குப் போனாள். சுவரில் கையை வைத்து அழுத்தினாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். பக்கத்து வீட்டில் பகலில் ஆள் இருக்குமா என்று கேட்டாள். பின்பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டாள். புரோக்கர் தண்ணீர்த் தொட்டியைக் காட்ட மாடிக்கு ஏறிக்கொண்டே கூப்பிட்டான். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஜாக்கியின் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இந்த ரூமுக்குள்ள இருந்து ஒருத்தர் கத்தினா வெளிய கேக்குமா?" என்றாள்.

அடுப்படி வாசலில் கரண்டி கதவில் இடித்த சத்தம் கேட்டது.

ஜாக்கி நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து எழுந்து நின்றார். முனகலைக்கூட விழுங்கிக்கொண்டார். "கேக்குமாவா? நல்லாக் கேட்ட போ. இங்க உக்காந்து தும்முனா பக்கத்து வீட்டுக்காரன் என்னாச்சு ஏதாச்சுன்னு எட்டிப் பாப்பான். கத்துனா தெருவே கம்பைத் தூக்கிட்டு ஓடி வரும்."

"அவ்வளவு கேக்குமா?"

"வேணும்னா கத்திப் பாரு."

முழுக்கையின் முகம் செத்துப்போனது. புரோக்கர் இறங்கி வருவதற்குள் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"போட்டேன் பாரு ஒரே போடு" என்றார் ஜாக்கி. கிழவிக்கும் நெஞ்சு குளிர்ந்தது. அன்றைக்கு அவருக்கு டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

அந்த இனிப்பு மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான். முதலில் இல்லத்து மேனேஜர் கூப்பிட்டாள். இன்னொரு ஜோடி அந்த அறையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, அவர்களுக்குப் பிடித்துவிட்டது, உங்களுக்காக ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது என்றாள். அந்தப் போனை வைத்த கை அப்படியே இருக்க, புரோக்கர் கூப்பிட்டான். ஜாக்கியும் கேட்கட்டும் என்று கிழவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, என்னய்யா சொன்னீங்க அந்தம்மாகிட்ட? வாங்குற முடிவோட வந்தவங்க. வேணாம்னுட்டாங்க."

"நல்லதாப் போச்சு" என்றார் ஜாக்கி. "அவ திருடி."

"எவ திருடி? கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க. அவங்க அப்பாவுக்கு மூளை குழம்பிப் போச்சுய்யா. பகல் பூராக் கத்துறார். வாடகைக்கு இருந்த எடத்துலல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்து காலி பண்ண வச்சிட்டாங்க. சத்தம் வெளிய போகாத ஒரு ரூம் வேணும்னு நாய் மாதிரி அலையுறாங்க. உங்க பாதாளத்தைப் பாத்ததும்தான் உயிரே வந்துது அவங்களுக்கு. அதுல போயி தும்முனாக் கேக்கும்னு சொல்லி வச்சிருக்கீங்க!"

கிழவி போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அந்தத் தாழ்ப்பாள்?" என்று கேட்டாள்.

"அவர் உள்ள தாழ் போட்டுக்கிட்டுத் திறக்கமாட்டாராம்மா. ஒருதடவை கதவை உடைச்சிருக்காங்க."

போனை வைத்ததும் கிழவி ஜாக்கியைப் பார்த்த பார்வையில் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னை முறைக்கிறியே, கீறலைப் பாத்துக் கதை கட்டுனது யாரு?"

"உன் வாய்க்குப் பூட்டு போட்டிருந்தா இந்நேரம் வீடு போயிருக்கும். இப்ப நீ மகன்கிட்டப் போயி மூட்டை மாதிரி மூலையில கெட. நான் மகள்கிட்டப் போயி பாத்திரம் தேய்க்கிறேன்."

ஜாக்கி மறுபடி அவள் பக்கம் திரும்பி, "புரோக்கர் சொல்றான்னு நம்புறியே. அப்பன்னு ஒருத்தன் இருக்கான்னு யாரு கண்டா?" என்றார்.

"இருந்தா?"

"இருந்தா இன்னும் மோசம். நெனச்சுப் பாரு. அந்த ரூம்ல அடைச்சு வச்சுக் கிழவனை அடிச்சாலும் ஒரு நாய்க்குக் கேக்காது. கீறல் எப்படி வந்துச்சு? அடிக்கிறப்ப அவன் பிறாண்டியிருக்கான். அதுக்குத்தான் அவளுக்குச் சத்தம் வெளிய வராத ரூம் வேணும்."

தன் புருஷன் சொல்வதில் பத்துக்கு ஒன்றாவது உண்மையாக இருக்கும் என்பது கிழவியின் அனுபவம். அது இந்த ஒன்றாக இருந்துவிட்டால்? தான் ஒரு அறைக்குப் போவதற்காக இன்னொரு கிழவனை இந்த அறைக்குள் தள்ளிவிட்டுப் போவதா? ராத்திரி இல்லத்து அறையில் தூக்கம் வருமா?

போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணை இன்னொரு தடவை வரச் சொல்லு. கேக்காதுன்னு நாங்களே காட்டுறோம். ஆனா அப்பாவையும் கூட்டிட்டு வரணும். அவரைப் பாக்காம நான் வீடு தரமாட்டேன்."

"வாங்குறவங்களை நீங்க பாக்குறீங்களாம்மா? உலகத்துல இல்லாத கூத்து" என்றான் புரோக்கர். ஆனால் கூட்டி வந்தான்.

அவர்கள் வருவது கார் கதவு திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. "திருடி! எங்கடி கொண்டு போற என்னை? போலீசைக் கூப்பிடு!" என்ற கத்தல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நெடிய ஆள். முழுக்கை அவர் இடுப்பில் ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, படி ஏற்றினாள். அவர் அவளைத் தள்ளினார். அவள் விடவில்லை.

கூடத்தில் ஜாக்கியைப் பார்த்ததும் பெரியவர் நின்றார். "நீ யாரு? இவளுக்குக் கூட்டாளியா?"

"நான் வீட்டுக்காரன்."

"பொய்! மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இவன் கள்ளன்."

கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாரே" என்றாள் ஜாக்கியிடம். ஜாக்கி சிரிக்கவில்லை. பெரியவரின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் இருந்த சந்தேகம் அவருக்குப் புதிதாக இல்லை.

கிழவி பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. கையைப் புரட்டினாள். சட்டைக் கையை ஏற்றினாள். காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். குனிந்து கால்சட்டையின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தாள். சலவை மணம், காய்ந்த துணி. உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லை.

"என் மோதிரத்தைத் தேடுறியா?" என்றார் பெரியவர். "அதை இவ எப்பவோ திருடிட்டா."

"தெரியுது" என்றாள் கிழவி. பிறகு நிமிர்ந்து, "நீ கையைக் காட்டும்மா" என்றாள்.

முழுக்கை முதலில் தயங்கினாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள். முழங்கை வரைக்கும் பிறாண்டல். சில ஆறியவை, சில புதியவை.

"நகம் இவ்வளவு ஒட்ட வெட்டியிருக்கியே?"

"நேத்துதான் வெட்டினேன். வெட்டும்போது வாங்கினது இது." அவள் ஒன்றைக் காட்டினாள். "ஆபீஸ்ல கேக்குறாங்க, புருஷன் அடிக்கிறானான்னு. எனக்குப் புருஷனே இல்லம்மா. அதான் முழுக்கை."

கிழவி அவள் சட்டைக் கையைத் தானே இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டாள்.

"சரிம்மா, ரூமைப் பாருங்க" என்று புரோக்கர் ஆரம்பித்தான். "சத்தம் ஒரு பொட்டு வெளிய போகாது. நான் கேரண்டி."

முழுக்கை அசையவில்லை. "அன்னிக்கு இந்த ஐயா தும்முனாக் கேக்கும்னார். இன்னிக்கு நீங்க பொட்டுச் சத்தம் போகாதுங்குறீங்க. ரெண்டுல எது பொய்?"

"அன்னிக்குச் சொன்னது" என்றார் ஜாக்கி. "உன்னைத் திருடின்னு நெனச்சுட்டேன்."

"இன்னிக்கு விக்கணும்னு சொல்றீங்களோ என்னமோ. எனக்கு எப்படித் தெரியும்? வாங்கிட்டு வந்தப்புறம் தெருவே வந்து நின்னா நான் எங்க போவேன்? இதுவரைக்கும் வாடகை வீடு, பெட்டியக் கட்டிட்டுக் கெளம்பினேன். சொந்த வீட்டை விட்டு எங்க கெளம்புறது?"

அவளுக்கு இப்போது யாரையும் நம்ப முடியவில்லை. அதைக் குற்றம் சொல்ல அந்தக் கூடத்தில் யாருக்கும் யோக்கியதை இல்லை.

"உங்க அப்பாவை உள்ள விட்டுக் கதவைச் சாத்துவோம். அவர் கத்தட்டும், கேட்டுப் பாருங்க" என்றான் புரோக்கர்.

பெரியவரைப் பின்னறைக் கட்டிலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. புரோக்கர் முகம் மலர்ந்தது. முழுக்கை கதவைத் திறந்து பார்த்தாள். பெரியவர் இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆற்றங்கரையில் காற்று வாங்குகிறவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"கத்துங்கப்பா."

"எதுக்கு? எனக்கென்ன பைத்தியமா?"

"நான் கத்துறேன்" என்று புரோக்கர் முன்னால் வந்தான்.

"நீங்க வேணாம். உங்க கமிஷன் உங்க தொண்டையைப் பிடிச்சுக்கும்" என்றாள் முழுக்கை.

ஜாக்கிக்கு மூச்சு இழுக்கும். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் கத்த முடியாது. கிழவி வாக்கரை இழுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள். இந்தத் தடவை வாக்கரை ஒளித்து வைக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை.

"நான் கத்துறேன்" என்றாள். "எல்லாரும் வெளிய போங்க. நீ பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு ஓரமா நில்லும்மா. திருப்தியாகுற வரைக்கும் நின்னு கேட்டுட்டு வா."

"நீங்க நெஜமாக் கத்துறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பி வந்து என் மூஞ்சியப் பாரு. தெரியலைன்னா வீடு வேணாம்."

கதவு மூடிக்கொண்டது. ரப்பர் பாய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சத்தம் கிழவிக்குப் பழக்கம். அதற்கப்புறம் உலகம் இருக்காது. கட்டிலில் பெரியவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் காம்பவுண்டுக்குப் போய்ச் சேர நேரம் கொடுத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

முதலில் "ஆ" என்றுதான் கத்தினாள். அது அவளுக்கே போலியாகப் பட்டது. கத்துவதற்கு ஏதாவது வேண்டும்.

"டேய்!" என்று மகனைக் கூப்பிட்டாள். "என் புருஷனைப் பங்கு போட நீ யாருடா? உனக்குக் கால் கழுவி விட்டவன்டா அவன்!" அடுத்தது மகள். "பாத்திரம் தேய்க்கவாடி கூப்பிடுற? ஆஸ்பத்திரியில ஊர்ப்பட்ட பீத்துணியத் துவைச்சு உன்னைப் படிக்க வச்சேனே, அதுக்கா?" தொண்டை திறந்துகொண்டது. லாண்டரி சூப்பர்வைசரைத் திட்டினாள். அவன் செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வாசனை ஸ்பிரேயைத் திட்டினாள். சந்தேகம் பிடித்த தன் புருஷனை, அவன் குறட்டையை, அன்றைக்கு அவன் போட்ட ஒரே போட்டைத் திட்டினாள். "நான் இல்லாம ஒரு ராத்திரி தூங்குவியா நீ? சட்டைப் பொத்தான் போடத் தெரியுமா உனக்கு? உன்னை எவகிட்டயும் விடமாட்டேன், எந்த மகன்கிட்டயும் விடமாட்டேன்!" என்று கத்தியபோது கழுத்து நரம்பு புடைத்தது, வாக்கர் ஆடியது, எச்சில் சுவர் வரை தெறித்தது. வார்த்தை தீர்ந்ததும் வெறும் கத்தலாகக் கத்தினாள், குரல் கிழிந்து காற்றாகிற வரைக்கும்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் முழுக்கை நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜாக்கியும் புரோக்கரும், காம்பவுண்டு ஓரம் வெயிலில் நின்று வியர்த்துப்போய்.

"ஏம்மா, எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றாள் முழுக்கை. "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

கிழவிக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முழுக்கை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தாள்.

கட்டிலில் அவள் அப்பா இரண்டு காதையும் கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.